பூச்சு வேலையை யாரிடம் ஒப்படைப்பது? புதுக்கோட்டை வட்டாரத்திலிருந்து ஒரு பழைய கேள்வியின் மறுபரிசீலனை

புதுக்கோட்டை மாவட்டத்தில் வீடு கட்டுகிறவர்களுக்கும் பழைய வீட்டைச் சீர்செய்கிறவர்களுக்கும் ஒரு கட்டத்தில் ஒரே கேள்வி வந்து நிற்கிறது: சுவர்ப் பூச்சை நம்பி யாரிடம் கொடுப்பது? கடைக்காலுக்கும் தளத்துக்கும் வரைபடம் உண்டு. கம்பியை எண்ணலாம், கான்கிரீட் கட்டையைச் சோதனைக்கு அனுப்பலாம். பூச்சில் அதற்கெல்லாம் இடமில்லை. கலவையில் சிமென்ட் எவ்வளவு சேர்ந்தது, மணலில் தூசு எவ்வளவு இருந்தது, செங்கல்லை நனைத்தார்களா, தூணும் சுவரும் சேரும் இடத்தில் கோழிவலை அடித்தார்களா என்பதெல்லாம் ஓரிரு நாளில் மேற்பூச்சுக்கு அடியில் போய்விடும். பட்டி பார்த்து வண்ணம் அடித்த பிறகு நல்ல சுவரும் கெட்ட சுவரும் ஒன்றுபோலவே இருக்கும்.

பொருளியல் இந்த நிலையை ஆராய்ந்திருக்கிறது. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில் தரமற்ற சரக்கு தரமான சரக்கை வெளியேற்றிவிடக்கூடும் என்று ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் காட்டினார். மைக்கேல் டார்பியும் எடி கார்னியும் 1973இல் இன்னும் ஒரு படி சென்றார்கள். சில சேவைகளின் தரத்தை, வாங்கிப் பயன்படுத்திய பிறகும்கூட வாடிக்கையாளரால் முழுமையாக அறிய முடியாது என்றார்கள். பழுதுபார்ப்பு வேலைகளை அந்த வகையில்தான் சேர்த்தார்கள். சுவர் விரிந்தால் காரணம் கலவையா, மணலா, நீராற்றாததா, அடித்தளம் இறங்கியதா என்று பிரித்துச் சொல்வது அனுபவமுள்ள பொறியாளருக்கே எளிதல்ல. கேள்விக்கு இத்தனை நூற்றாண்டாக இத்தனை பதில்கள் வந்துகொண்டே இருப்பதற்கு இந்த மறைவுத்தன்மையே அடிப்படைக் காரணம் என்று கொள்ளலாம்.

தண்டனையும் பிணையும்: மிகப் பழைய விடைகள்

நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய பதில்களில் ஒன்று பாபிலோனிலிருந்து வருகிறது. இன்றைக்குச் சுமார் 3,750 ஆண்டுகளுக்கு முந்தைய ஹமுராபியின் சட்டத்தொகுப்பில் வீடு கட்டுபவருக்கென்றே தனி விதிகள் உள்ளன. சுவர் சாய்ந்தால் கட்டியவர் தன் சொந்தச் செலவில் அதை உறுதிப்படுத்தித் தர வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. வீடு இடிந்து உடையவர் இறந்தால் கட்டியவருக்கு மரண தண்டனை. எபேசஸ் நகரத்தின் பழைய சட்டம் ஒன்றை ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எடுத்துச் சொல்கிறார். பொதுக் கட்டடத்தை ஏற்பவர் செலவு மதிப்பை முன்கூட்டிச் சொல்லி, தன் சொத்தைப் பிணையாக வைக்க வேண்டும். மதிப்பைவிடக் கால் பங்குக்கு மேல் செலவு ஏறினால் மிகுதி அவர் சொத்திலிருந்து போகும். தனியார் கட்டடங்களுக்கும் இப்படி ஒரு சட்டம் இருந்தால் நன்றாக இருக்குமே என்று விட்ருவியஸ் ஏங்குகிறார். அந்த ஏக்கத்துக்கு இரண்டாயிரம் ஆண்டு வயதாகிறது.

அர்த்தசாஸ்திரத்தின் நான்காம் அதிகரணம் கைவினைஞர்களைப் பற்றிய விதிகளோடு தொடங்குகிறது. இடம், காலம், வேலை ஆகியவற்றைப் பேசி முடிவு செய்தே வேலையை ஏற்க வேண்டும். காலம் தவறினால் கூலியில் கால் பங்கு குறையும், அதன் இரு மடங்கு அபராதமும் உண்டு. சொன்னதற்கு மாறாகச் செய்தால் கூலியே இல்லை. முன்பணத்துக்குத் தொழிற்குழு பொறுப்பேற்கும் ஏற்பாடும் அங்கே பேசப்படுகிறது. தனி ஆளை நம்புவதற்குப் பதிலாக அவர் சார்ந்த குழுவை நம்புவது என்ற யோசனை இதில் தெளிவாகவே இருக்கிறது.

புதுக்கோட்டை மண்ணிலும் பழுதுபார்ப்பின் பழம்பதிவுகள் கிடைக்கின்றன. நார்த்தாமலை விஜயாலய சோழீச்சரத்தின் கல்வெட்டு, சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர் எடுத்த கோயில் மழையால் சிதைந்ததையும், மல்லன் விடுமன் அதைப் புதுப்பித்ததையும் சொல்கிறது. சித்தன்னவாசல் குடைவரையை 9ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் புதுப்பித்ததாக அங்குள்ள கல்வெட்டு தெரிவிக்கிறது. அக்குடைவரையின் ஓவியங்கள் நிற்பதே சுண்ணாம்புப் பூச்சின்மேல்தான். இந்த இரண்டு கல்வெட்டுகளிலும் புதுப்பித்தவர் பெயர் இருக்கிறது. சாந்து குழைத்துப் பூசியவர் பெயர் இல்லை. செலவழித்தவரின் புகழைக் காத்த அளவுக்கு வேலை செய்தவரின் கைத்தரத்தைப் பதிந்துவைக்கும் மரபு நம்மிடம் வளரவில்லை என்று தோன்றுகிறது.

தண்டனை வழியின் குறை வெளிப்படை. பிழை யாருடையது என்று நிறுவ முடிந்தால்தான் தண்டனைக்குப் பொருள் உண்டு. பூச்சில் அதை நிறுவுவதுதான் கடினம்.

செட்டிநாட்டுப் பூச்சு: பெயரே பிணையாக இருந்த காலம்

ராயவரம், அரிமளம், கோனாபட்டு, ராங்கியம், குழிபிறை, பனையப்பட்டி, நச்சாந்துபட்டி, மேலைச்சிவபுரி என்று செட்டிநாட்டின் கணிசமான ஊர்கள் இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் வருகின்றன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் அங்கே எழுந்த வீடுகளின் சுவர்கள், கைபட்டால் வழுக்கும் பூச்சோடு இன்றும் பல இடங்களில் நிற்கின்றன. சுண்ணாம்பு நாட்கணக்கில் ஊறியது. கடுக்காய் ஊறிய நீர், கருப்பட்டி, முட்டை வெண்கரு ஆகியவை சேர்ந்தன. அடிப்பூச்சு, நடுப்பூச்சு என்று அடுக்கடுக்காக ஏற்றி, ஒவ்வொன்றும் இறுகக் காத்திருந்து, கடைசியில் கிளிஞ்சல் சுண்ணாம்பை மழமழவென்று தேய்த்தார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது, வீட்டுக்காரர் பெரும்பாலும் ஊரில் இல்லை என்பது. பணம் பர்மாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தது. மேற்பார்வை உறவினரிடமும் கணக்கரிடமும் இருந்தது. அப்படியிருந்தும் தரம் நின்றது எப்படி? பரம்பரைக் கொத்தனார்கள் நேர்மையானவர்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் பதில். அதில் உண்மை இருக்கலாம். ஆனால் அது போதாது. ஒரு வட்டாரத்தில் பத்துப் பதினைந்து ஊர்கள், ஒரே சமூகத்தைச் சேர்ந்த வாடிக்கையாளர்கள், தலைமுறைக்கும் தொடரும் வேலை. ஒரு வீட்டில் கெட்ட பெயர் எடுத்தால் அடுத்த வீடு கிடைக்காது. அடுத்த வேலையைப் பற்றிய எதிர்பார்ப்பே பிணையாக வேலை செய்தது. அவசரமும் இல்லை, செலவுக்கும் பெரிய கட்டுப்பாடு இல்லை.

1942இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அந்த வரவு முறிந்தது. வேலை தொடரும் என்ற உறுதி போனபோது, நற்பெயரைப் பிணையாகக் கொண்ட ஏற்பாட்டின் அடித்தளமும் கலைந்தது. "அந்தக் காலத்துக் கொத்தனார் மாதிரி இப்போது யார் இருக்கிறார்கள்" என்ற பேச்சில் ஆளைப் பற்றிய ஏக்கம் மட்டுமே இருக்கிறது. அந்த ஆளை அப்படி வைத்திருந்த சந்தையை யாரும் நினைப்பதில்லை. அந்த முறைக்குள்ளே இருந்த இன்னொரு குறையையும் சொல்ல வேண்டும். நற்பெயர் சிறு வட்டத்துக்குள் மட்டுமே பரவும். வெளியூரிலிருந்து வந்து குடியேறுபவருக்கோ, முதன்முதலாக ஒரே ஒரு சிறு வீடு கட்டும் ஏழைக்கோ அது அந்த அளவு பயன்படாது.

அளவுப் புத்தகத்தின் பதில்

19ஆம் நூற்றாண்டின் நடுவில் உருவான பொதுப்பணித் துறை வேறொரு பதிலைக் கொண்டுவந்தது. ஆளின் குணத்தை நம்ப வேண்டாம். வேலையை எழுதி வை, அளந்து பார், அளந்ததற்கு மட்டும் பணம் கொடு. ஒப்பந்தப்புள்ளி, முன்வைப்புத் தொகை, அளவுப் புத்தகம், குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும்வரை நிறுத்திவைக்கும் தொகை ஆகியவை அந்த முறையின் உறுப்புகள். தமிழ்நாட்டில் 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் இதற்கு மேலும் வடிவம் தந்தது.

பூச்சுக்கென்றே இந்தியத் தர நிர்ணயங்கள் உண்டு. சிமென்ட் பூச்சுக்கு ஐ.எஸ். 1661, பூச்சு மணலுக்கு ஐ.எஸ். 1542, வேலையை அளக்கும் முறைக்கு ஐ.எஸ். 1200இன் 12ஆம் பகுதி. இந்தக் கடைசி ஆவணத்தை வீடு கட்டுபவர்கள் அறிந்திருந்தால் பல சண்டைகள் தவிரும். கதவு, ஜன்னல் திறப்புகளைக் கழிப்பது எப்படி என்று அது திட்டமாகச் சொல்கிறது. 0.5 சதுர மீட்டர் வரையிலான திறப்புக்குக் கழிவு இல்லை. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை சுவரின் ஒரு பக்கத்தில் மட்டும் கழிக்க வேண்டும். திறப்பின் ஓரங்களைப் பூசுவதற்குத் தனிக் கணக்கு கிடையாது. 3 சதுர மீட்டருக்கு மேல் இரு பக்கமும் கழித்து, ஓரங்களைத் தனியே அளக்க வேண்டும். ஆக, 3 அடிக்கு 7 அடிக் கதவு ஒரு பக்கம் 21 சதுர அடி குறைக்கும், மறு பக்கம் குறைக்காது. நம் ஊர்களில் "திறப்பைக் கழிக்க மாட்டோம்" என்று மேஸ்திரி சொல்வதும், "எல்லாவற்றையும் கழி" என்று வீட்டுக்காரர் நிற்பதும் வழக்கம். இரண்டுக்கும் நடுவில் நியாயமான விதி ஒன்று பல காலமாக அச்சில் இருக்கிறது.

இந்த முறையின் பலவீனம், அது அளப்பவரை நம்பியிருப்பது. அரசு வேலையில் உதவிப் பொறியாளர் அளக்கிறார். அவரைக் கண்காணிக்க இன்னொருவர். ஆயிரம் சதுர அடி வீட்டுக்கு அத்தகைய அடுக்கு கட்டுப்படியாகாது. பதிவுபெற்ற அரசு ஒப்பந்தக்காரர் என்ற தகுதியும் அரசு வேலைக்கான தகுதியே. ஒருவர் பூசும் பூச்சு நன்றாக இருக்கும் என்பதற்கு அது சான்றாகாது.

நாள் கூலியா, சதுர அடியா, முழு ஒப்பந்தமா?

தனியார் வீட்டு வேலையில் இன்று மூன்று ஏற்பாடுகள் வழங்குகின்றன. முதலாவது நாள் கூலி: கொத்தனாருக்கு இவ்வளவு, சித்தாளுக்கு இவ்வளவு. இரண்டாவது லேபர் காண்ட்ராக்ட்: பொருள் வீட்டுக்காரருடையது, கூலி சதுர அடிக் கணக்கு. மூன்றாவது பொருளோடு சேர்த்த முழு காண்ட்ராக்ட். எது நம்பகமானது என்ற விவாதம் திண்ணைகளில் முடிவில்லாமல் நடக்கிறது. ஆள் எவராயினும் ஒவ்வொரு ஏற்பாடும் அவரை ஒரு திசையில் இழுக்கிறது என்பதைப் பார்த்தால் விவாதம் சற்றுத் தெளியும்.

முழு காண்ட்ராக்டில் இழுப்பு சிமென்டின் பக்கம். 10 அடிக்கு 10 அடிச் சுவரில், அதாவது ஒரு சதுரத்தில், 12 மி.மீ. கனத்துக்கு 1:5 கலவை பூச, சுவரின் மேடுபள்ளத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஏறத்தாழ 43 கிலோ சிமென்ட் பிடிக்கும். சிந்துவதையும் சேர்த்தால் ஒரு மூட்டை என்று வைத்துக்கொள்ளலாம். அதே சுவரை 1:7இல் பூசினால் 32 கிலோ போதும். கால் பங்கு சிமென்ட் மிச்சம். பார்வைக்கு வித்தியாசம் இல்லை. 40 சதுரம் உள்பூச்சுள்ள வீட்டில் அது 440 கிலோ, ஏறத்தாழ ஒன்பது மூட்டை. பெரிய மோசடிக்காரர்தான் இதைச் செய்வார் என்பதில்லை. வேலையைப் பிடிப்பதற்காக விலையைக் குறைத்துச் சொல்லி, பின்னால் கையைக் கடிக்கும்போது சாதாரண மனிதரும் இந்தப் பக்கம் சரியக்கூடும். ஆகவே மிகக் குறைந்த விலையைத் தேர்ந்தெடுக்கும் வீட்டுக்காரருக்கும் இதில் பங்குண்டு.

லேபர் காண்ட்ராக்டில் சிமென்டைத் திருட வேண்டிய தேவை இல்லை. இழுப்பு வேகத்தின் பக்கம். நாள் முடிவதற்குள் எத்தனை சதுரம் என்பதே வருமானம். அதனால் காலையில் மொத்தமாகக் குழைத்த கலவை, இறுகத் தொடங்கிய பிறகு மறுபடி தண்ணீர் விட்டுக் கிளறப்பட்டுச் சுவருக்குப் போகும். வெளிப்பூச்சு 20 மி.மீ. கனம் வேண்டிய இடத்தில் இரு தடவையாக ஏற்றாமல் ஒரே தடவையில் அடித்துவிடுவார்கள். கான்கிரீட் பரப்பைக் கொத்திவிடுவது, செங்கல் இணைப்புகளைச் சுரண்டுவது, பூச்சின் கனத்துக்குப் பொட்டு வைத்து மட்டப்பலகை பிடிப்பது ஆகியவை முதலில் கைவிடப்படும். பொருளை வீட்டுக்காரர் வாங்குவதிலும் ஆபத்து இருக்கிறது. பூச்சுக்கு பி-சாண்ட் வேண்டும். கான்கிரீட்டுக்கான எம்-சாண்டையோ, கிரஷர் தூசியையோ மலிவென்று இறக்கிவிட்டு, பின்னால் மயிர்க்கோடு விரிசல்களுக்குக் கொத்தனாரைக் குறை சொல்வது நியாயமாகாது. கல் குவாரிகளும் கிரஷர்களும் நிறைந்த மாவட்டம் இது. சரக்கு கிடைக்கும், சலித்துக் கழுவிய சரக்குதானா என்பதே கேள்வி. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்பு கலந்த நீரும் மணலும் சேர்ந்தால், எவ்வளவு தேர்ந்த கையும் பூச்சைப் பொரியாமல் காப்பாற்ற முடியாது.

நாள் கூலியில் சிமென்டைக் குறைக்கவோ விரைந்து முடிக்கவோ காரணமில்லை. வேலை நீளும் என்பதுதான் குற்றச்சாட்டு. ஆனால் பழுதுபார்ப்பில், குறிப்பாக ஓதம் ஏறிய பழைய சுவரிலும் சுண்ணாம்புச் சுவரிலும், இந்த நிதானமே தேவை. கெட்ட பூச்சு எதுவரை போகிறது என்பது கொத்தித் தட்டிப் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது. தெரியாத அளவுக்குச் சதுர அடி விலை பேசினால் ஒன்று கொத்தனார் நஷ்டப்படுவார், அல்லது கெட்டதன்மேலேயே பூசிவிட்டுப் போவார். பழுது வேலைக்கு நாள் கூலி, புதுச் சுவருக்கு லேபர் காண்ட்ராக்ட் என்ற பிரிவினை, இந்த வட்டார நிலைமைக்கு ஓரளவு பொருந்துவதாகப் படுகிறது. இரண்டுக்குமே வீட்டார் ஒருவர் தினமும் நிற்க வேண்டும். சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருந்துகொண்டு அறந்தாங்கியில் வீடு கட்டுபவருக்கு அந்த வசதி இல்லை. அவர் முழு காண்ட்ராக்டுக்கே தள்ளப்படுகிறார். பிழை மிக எளிதாக மறையும் ஏற்பாடு, பார்க்க முடியாதவருக்கே வாய்க்கிறது.

இதில் எந்த ஏற்பாட்டிலும் சேராத ஒரு வேலை நீராற்றுவது. குறைந்தது ஏழு நாள் சுவர் ஈரமாக இருக்க வேண்டும். பூசியவர் அடுத்த இடத்துக்குப் போய்விடுவார். வீட்டுக்காரர் அது மேஸ்திரியின் பொறுப்பு என்று நினைப்பார். சித்திரை வெயிலில் இரண்டு நாள் தண்ணீர் காணாத சுவருக்கு நல்ல கலவையும் உதவாது. யார் தண்ணீர் அடிப்பது என்று முன்கூட்டிப் பேசிக்கொள்ளும் வழக்கம் பரவலாக இல்லை.

ஜிப்சம் பலகை இந்தக் கேள்வியை மாற்றுகிறதா?

அமெரிக்காவில் அகஸ்டின் சாக்கெட் 1894இல் காப்புரிமை பெற்ற பலகையிலிருந்து வளர்ந்த உலர்சுவர் முறை, ஈரப் பூச்சின் சிக்கல்களைத் தொழிற்சாலைக்குள் கொண்டுபோய்விட்டது என்பார்கள். கலவை விகிதமும் நீராற்றலும் தொழிலாளி கையை விட்டுப் போகின்றன. நம் ஊர்களில் இம்முறை பெரும்பாலும் ஃபால்ஸ் சீலிங்காகவும் கடை, அலுவலகத் தடுப்பாகவுமே வந்திருக்கிறது. குடியிருப்புச் சுவர் இன்னும் செங்கல்லும் பூச்சும்தான். ஜிப்சத்தை முழுச் சுவராகவே பயன்படுத்த முடியும் என்று காட்ட ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2013இல் கண்ணாடி இழை கலந்த ஜிப்சம் பலகைகளால் ஒரு மாதிரி அடுக்ககத்தைக் கட்டியது.

ஆயினும் மறைவு நீங்கவில்லை, வேறிடத்துக்கு நகர்ந்திருக்கிறது. சட்டத்தின் தகடு எந்தக் கனம், கம்பிகளுக்கிடையே எவ்வளவு இடைவெளி, ஈரம் படும் இடத்தில் அதற்கான பலகையைப் போட்டார்களா, இணைப்பில் நாடா ஒட்டினார்களா என்பதெல்லாம் வண்ணத்துக்குப் பின்னால்தான் இருக்கின்றன. தளம் ஒழுகும் வீட்டில் ஜிப்சம் பலகை ஒழுக்கை மறைத்துவைத்து, பிறகு மொத்தமாக ஊறி இறங்கும்.

ஒப்பந்தக்காரரே வேண்டாம் என்ற நிலைப்பாடு

சிலர் கேள்வியையே மாற்றினார்கள். கேரளத்தில் வேலை செய்த லாரி பேக்கர், ஒப்பந்தக்காரரைத் தவிர்த்துக் கொத்தனார்களோடு நேரடியாக வேலை செய்தார். நல்ல செங்கல் சுவருக்குப் பூச்சே தேவையில்லை என்றும் வாதிட்டார். பூச்சு இல்லாவிட்டால் மறைப்பும் இல்லை. கொத்து வேலையின் தரம் கண்ணெதிரே நிற்கும். கொள்கையளவில் இதைவிடத் தூய்மையான பதில் கிடையாது. ஆனால் சீரான செங்கல்லும் தேர்ந்த கையும் இதற்கு வேண்டும். பூசாத வீடு முடியாத வீடு என்ற எண்ணமும் நம் ஊரில் வலுவாக இருக்கிறது.

அரசுத் திட்டங்கள் வேறு வழியில் அதே இடத்துக்கு வந்தன. 2016இல் தொடங்கிய பிரதமர் ஊரக வீட்டு வசதித் திட்டம், பயனாளியே வீட்டைக் கட்ட வேண்டும், ஒப்பந்தக்காரரை ஈடுபடுத்தக் கூடாது என்று விதித்தது. தவணைகள் கட்டுமான நிலையைப் பார்த்து விடுவிக்கப்படுகின்றன. 2024இல் வந்த கலைஞரின் கனவு இல்லம் திட்டமும் 3.5 லட்சம் ரூபாயை நிலைவாரியாகவே தருகிறது. இலங்கையில் போருக்குப் பிறகு இந்திய அரசின் உதவியில் கட்டப்பட்ட 50,000 வீடுகளில் பெரும்பாலானவை உரிமையாளரே முன்னின்று கட்டும் முறையில் எழுந்தன. வடக்கு, கிழக்குத் தமிழ்க் குடும்பங்கள் வீட்டுக்கு 5.5 லட்சம் இலங்கை ரூபாயைத் தவணைகளாகப் பெற்றன.

உரிமையாளர் முன்னின்றால் அக்கறை கூடும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பயனாளிகளில் பலர் நாள் கூலிக்குப் போகிறவர்கள். சொந்த வீட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஒவ்வொரு நாளும் அவர்களுக்குக் கூலி இழப்பு. நடைமுறையில் ஊர்க் கொத்தனாரிடம் மொத்தமாகப் பேசி விடுகிறார்கள். ஏட்டில் ஒப்பந்தக்காரர் இல்லாததால், எழுத்திலும் ஒப்பந்தம் இல்லாமல் போகிறது. ஒரே பருவத்தில் பல வீடுகள் எழும்போது கொத்தனார் தட்டுப்பாடும் சேர்ந்துகொள்ளும். 2018 நவம்பரில் கஜா புயல் ஆலங்குடி, கறம்பக்குடி, கீரமங்கலம் பகுதிகளை உலுக்கிய பிறகு வந்ததைப் போன்ற நாட்களில் யாரைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியே பொருளிழந்துவிடுகிறது, கிடைத்தவர்தான்.

உரிமமும் சான்றிதழும்

கலிபோர்னியாவில் உலர்சுவர் வேலைக்கென்றே தனி உரிம வகுப்பு உண்டு. வீட்டுச் சீரமைப்பில் முன்பணம் ஒப்பந்தத் தொகையில் 10 விழுக்காடு அல்லது 1,000 டாலர், இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. சிங்கப்பூரில் வீட்டு வசதி வாரிய அடுக்ககங்களில் சீரமைப்பு செய்பவர் வாரியத்தின் பட்டியலில் இருக்க வேண்டும். அந்நாடு 1989 முதல் கட்டுமானத் தரத்துக்கு மதிப்பெண் முறையையும் நடத்திவருகிறது. புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து போய் அந்தக் கட்டடங்களில் வேலை செய்து திரும்பியவர்கள் இங்கே இருக்கிறார்கள். அங்கே சுவர்களின் தரம் சோதிக்கப்படுவதைக் கண்ட அவர்களின் அறிவுக்கு இங்கே எந்த அடையாளமும் கிடையாது.

உரிம முறைக்கு எதிர்ப்பும் பழையது. மில்டன் ஃப்ரீட்மன் 1962இல், உரிமம் காலப்போக்கில் தொழிலுக்குள் இருப்பவர்களைப் போட்டியிலிருந்து காக்கும் வேலியாகிவிடும் என்றார். தகுதியைச் சான்றளித்தால் போதும், மற்றவரைத் தடுக்கக் கூடாது என்பது அவர் நிலை. நம் சூழலில் இந்த எச்சரிக்கைக்குக் கூடுதல் கனம் உண்டு. படிப்பறிவு குறைந்த, ஆனால் தேர்ந்த கைகொண்ட கொத்தனார்களை உரிமம் வெளியே தள்ளிவிடும்; சித்தாளாகவே பல ஆண்டு உழைக்கும் பெண்களுக்குக் கரண்டி பிடிக்கும் வாய்ப்பு இன்னும் தூரமாகும்.

1994இல் அமைந்த தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தின் அட்டை பல கொத்தனார்களிடம் இருக்கிறது. அது விபத்து, திருமண, கல்வி உதவிகளுக்கானது. கைத்திறனைச் சோதித்துத் தருவதல்ல. முன்னனுபவத்தை அங்கீகரிக்கும் மத்திய அரசின் திறன் சான்றிதழ்கள் வந்திருக்கின்றன. ஆனால் கொத்தனாரைத் தேடும் வீட்டுக்காரர் எவரும் அவற்றைக் கேட்பதாகத் தெரியவில்லை. கேட்கப்படாத சான்றிதழைப் பெறக் கூலியை விட்டுப் போக யாருக்கும் மனம் வராது.

நீதிமன்றத்தின் வாசல்

1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமே வாய்மொழி ஒப்பந்தத்தையும் ஏற்கிறது. 1993இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டு வீடு கட்டுமானம் 'சேவை' என்ற வரையறைக்குள் வந்தது. அதே ஆண்டு லக்னோ வளர்ச்சி ஆணையம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாக உறுதி செய்தது. இப்போதைய 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி புதுக்கோட்டை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரத்துக்குக் கட்டணமே இல்லை. புகாருக்கு இரண்டு ஆண்டு வரம்பு. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் ஐந்தாண்டுக் குறைபாட்டுப் பொறுப்பு, கட்டி விற்பவர்களைப் பற்றியது. சொந்த மனையில் நாம் அமர்த்தும் மேஸ்திரிக்கு அது பொருந்தாது.

இதில் ஒரு நுட்பமான சிக்கல் இருக்கிறது. நுகர்வோர் சட்டம் தனிப்பட்ட ஊழிய ஒப்பந்தத்தை விலக்குகிறது. இந்த வேறுபாட்டை 1995இல் மருத்துவர்கள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. வீட்டுக்காரர் சொல்லச் சொல்ல நாள் கூலிக்கு வேலை செய்த கொத்தனார் எந்தப் பக்கம் சேர்வார்? விலக்குக்குள் விழ வாய்ப்பு அதிகம் என்றே தோன்றுகிறது. அப்படியானால், கண்காணிக்க வசதியான ஏற்பாட்டில் சட்டத்தின் துணை குறைகிறது. சட்டத்தின் துணை உள்ள முழு காண்ட்ராக்டில் கண்காணிக்க முடிவதில்லை.

1963இல் ஸ்டூவர்ட் மெக்காலே, அமெரிக்க வணிகர்கள்கூடத் தகராறுகளில் ஒப்பந்தத்தையும் வழக்கையும் அபூர்வமாகவே நாடுகிறார்கள் என்று காட்டினார். ஊர் உறவும் சேர்ந்துகொண்டால் இன்னும் அபூர்வம். 30,000 ரூபாய்ப் பூச்சுக்காக, அடுத்த தெருவில் இருக்கும் மேஸ்திரிமேல் வழக்குப் போடுகிறவர் எத்தனை பேர்? எழுத்தில் வைப்பதன் பயன் வழக்குக்கு முன்னாலேயே கிடைத்துவிடுகிறது. கலவை விகிதம், கனம், அளக்கும் முறை, நீராற்றுபவர் யார், தவணை எப்போது ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதும்போதே, இருவரும் வெவ்வேறு வேலையை மனதில் வைத்திருப்பது தெரிந்துவிடும்.

மேஸ்திரியின் பக்கம்

இந்த விவாதம் ஏறத்தாழ முழுவதும் வீட்டுக்காரர் நோக்கிலேயே நடந்துவந்திருக்கிறது. மேஸ்திரிக்கும் இதே கேள்வி உண்டு: இந்த வீட்டுக்காரரை நம்பலாமா? சனிக்கிழமை கூலி கொடுத்தாக வேண்டியவர் அவர். வீட்டுக்காரரின் வங்கிக் கடன் தவணை தாமதமானால் சித்தாள் வீட்டில் அடுப்பு எரியாது. மின்குழாய் பதிக்கிறவர் வராமல் பூச்சு நின்றாலும், பூசிய சுவரை அவர் பின்னால் வந்து உடைத்தாலும் நஷ்டம் மேஸ்திரிக்கே. கடைசித் தவணையை ஏதாவது குறை சொல்லிக் கொடுக்காமலே விட்டுவிடும் வீட்டுக்காரர்களும் உண்டு. அதை எதிர்பார்த்தே அவர்கள் முன்பணத்தைக் கூடுதலாகக் கேட்கிறார்கள். வாங்கிய முன்பணத்தை முந்தைய வேலையின் கடனுக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு வேலைக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். பாதியில் நின்ற வேலைகளில் பலவற்றுக்கு ஏமாற்றும் எண்ணத்தைவிட இந்தச் சுழலே காரணம் என்று கருத இடமிருக்கிறது.

தீராமல் நிற்பவை

ஒரு சுவரை மாதிரிக்குப் பூசச் சொல்லி, ஏழு நாள் நீராற்றி, விரலால் தட்டிப் பார்த்து, பிறகு மீதியைப் பேசுவது; சிமென்டை வீட்டுக்காரர் வாங்கி நாள்வாரி மூட்டைக் கணக்கு வைப்பது; மேஸ்திரி முன்பு பூசிய வீட்டை, அது ஒரு மழைக்காலமாவது கண்ட பிறகு போய்ப் பார்ப்பது ஆகியவை மேலே கண்ட பல நிலைப்பாடுகளிலிருந்தும் இன்றே எடுத்துக்கொள்ளக்கூடியவை. வெளிநாட்டில் இருப்பவருக்கு, மேஸ்திரியின் கையாளாக இல்லாத ஒரு பொறியாளரைப் பூச்சு நாட்களுக்கு மட்டுமாவது அமர்த்துவது சிறு செலவு.

தீராத சிக்கல் காலத்தைப் பற்றியது. நம் வட்டாரத்தில் கிரகப்பிரவேசங்கள் தையில் நிறைய நடக்கின்றன. கணக்கு அத்தோடு முடிக்கப்படுகிறது. பெருமழை வருவதோ ஐப்பசி, கார்த்திகையில். சுவரின் முதல் உண்மையான சோதனை, பணம் முழுவதும் கைமாறி ஒன்பது மாதம் கழித்தே நடக்கிறது. அரசு ஒப்பந்தம் இதற்காகவே ஒரு தொகையை நிறுத்திவைக்கிறது. தனியார் வேலையில் அந்த வழக்கம் வேர்விடவில்லை. வேர்விடாததற்கும் காரணம் இருக்கிறது. தொழிலாளரின் கூலியை நிறுத்திவைப்பது அநியாயம். மேஸ்திரியின் லாபத்திலிருந்துதான் நிறுத்த முடியும், அந்த லாபமே மெல்லியது. வீட்டுக்காரர் கையில் இருந்தால் மேஸ்திரி நம்பமாட்டார். மேஸ்திரி கையில் கொடுத்துவிட்டால் பொருளில்லை. இத்தகைய நம்பிக்கைச் சிக்கலுக்குப் பழைய தொழிற்குழுக்களும் சிங்கப்பூர், கலிபோர்னியா போன்ற இடங்களும் தத்தம் வழியில் விடை கண்டன. நமக்கு இன்னும் விடையில்லை. கட்டடப் பொறியாளர் சங்கங்களும் கட்டுமானத் தொழிலாளர் சங்கங்களும் சேர்ந்து, கூலியைத் தொடாமல் ஒப்பந்தத் தொகையில் 5 விழுக்காட்டைப் பொதுவான ஓரிடத்தில் வைத்திருந்து, கார்த்திகை முடிந்ததும் சுவரைப் பார்த்துவிட்டு மேஸ்திரியிடம் கொடுக்கும் ஏற்பாட்டை ஒரு வட்டத்திலாவது தொடங்கிப் பார்க்க வேண்டும்.